பாட்டுக்கு நடுவே ஒரு கேலி

– முழுப் பாட்டையும் எடுக்கச் சொல்லல பாய். நடுவுல நான் பேசறேன் பாருங்க, அந்த ஒரு பேச்ச மட்டும் எடுத்துடுங்க. எனக்கு அது போதும்.

– அரே, ரஞ்சிதம்மா, இன்னா சொல்ற நீ? அந்தப் பேச்சுக்காகத்தானே ஜனங்க பாட்டையே கேக்கறாங்க. போன வாரம் போளூர்ல இருந்து ஒரு கல்யாண வூட்டுக்காரன் போன் பண்றான். 'பாய், அந்தத் தவளப் பாட்டு அனுப்பு'ன்றான். நான் அதுக்கு 'சாமை அறுப்புப் பாட்டு'ன்னு அழகா பேரு வெச்சேன். அந்தப் பேரு ஒருத்தனுக்கும் தெரியல.

– தவளப் பாட்டு. எங்கனா கேட்டா எழுந்து போயிடறேன் பாய்.

– மொதல்ல உக்காரு. மலைல இருந்து பஸ்ஸுல குலுங்கிக்கினு வந்திருக்கற. டீ சொல்றேன்.

– டீ எல்லாம் வேணாம். எடுக்க முடியுமா, முடியாதா?

– முடியும்மா, ஏன் முடியாது? இந்த ஒடுகத்தூர்ல கய்யூம் மாதிரி சுத்தமா ரெக்கார்டிங் பண்ற ஆளு எவன் இருக்கறான், காட்டு. ஆனா இன்னாத்துக்குன்னு சொல்லு. பாட்டு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. இன்னிக்கு வந்து இன்னா திடீர்னு?

– புதங்கெழம எங்க அண்ணி வூட்டுக்கு வர்றாங்க. வேலூரு ஆசுபத்திரில இருந்து.

– தேவயானிம்மாவா? உன்கூட வந்தாங்களே, அவங்களா? அவங்களுக்கு இன்னா?

– தொண்டையில கட்டி பாய். புத்துநோய்னு சொல்லிட்டாங்க. உள்ள இருக்கற கொரல் பொட்டியவே எடுத்துட்டாங்களாம். கழுத்துல ஓட்ட போட்டு, அது வழியா மூச்சு வுடறாங்க. இனிமே பேச்சு வராது. பாட்டும் வராது.

– யா அல்லா.

– இப்ப போடுங்க அந்தப் பாட்ட. போட்டு, உங்க காதால கேளுங்க.

– வேணாம்மா. எனக்குத் தெரியும் அதுல இன்னா இருக்குதுன்னு.

– இல்ல, போடுங்க பாய். நான் இன்னா கேக்க வந்தேன்னு உங்களுக்குப் புரியணும்.

– சரி, தோ. அழுவக் கூடாது, சொல்லிட்டேன்.

– "சாமக் கதிரு சாஞ்சிருக்கு, சாயங்காலம் காஞ்சிருக்கு, அறுக்க வந்த பொண்ணுங்கள்ல யாரு கையி ஓஞ்சிருக்கு... இன்னா தேவயானி, கொரலு எங்க போச்சு? தொண்டையில தவள குடியேறிச்சா?"

– போதும். நிறுத்துங்க.

– நிறுத்திட்டேன்மா.

– பாத்தீங்களா பாய்? இது கேலியா இப்ப? அவங்க வந்து எறங்கற பஸ்ஸுலயே டிரைவரு இத்த போட்டார்னா? கழுத்துல கட்டோட வர்ற மனுஷி எங்க மூஞ்சிய வெச்சுக்குவா?

– நீ தெரிஞ்சா சொன்ன? அன்னிக்கு இதே ரூமுல நானும்தான் சிரிச்சேன்.

– அதுதான் பாய் பொறுக்கல. காலைல பழகும்போதே ரெண்டு மூணு தரம் கனைச்சாங்க, தண்ணி கேட்டாங்க. நான் அத்த பாத்தேன். பாத்துட்டு, 'ஆஹா, இன்னிக்குக் கேலிக்கு இது ஆச்சு'ன்னு வெச்சுக்கினேன். வலிக்குதான்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல எனக்கு.

– பாட்டுக்காரங்க எல்லாரும் அப்படித்தான்மா. நம்ப கடைல பாட வர்றவங்க ஒருத்தர் வுடாம நடுவுல பேசறாங்க. 'இன்னா மாமா, கேக்குறியா?'ன்றாங்க. 'லாரி ஓட்டற தம்பி, தூங்காத'ன்றாங்க. அந்தத் தம்பிங்க எனக்கு போன் பண்ணி 'தூங்கல பாய், முழிச்சுக்கினுதான் இருக்கறேன்'ன்றானுங்க. அது ஒரு ஷோக்கு.

– அவங்க எல்லாருக்கும் சொல்றாங்க. நான் ஒருத்திக்கு சொன்னேன். அதுலயும் எங்க மலைல ஒரு மொற இருக்குது பாய். அவங்க எங்க அண்ணன் பொண்டாட்டி, என்னவிட மூத்தவங்க. மத்த நேரத்துல அவங்க பேரு என் வாயில வரக் கூடாது. பாட்டுல மட்டும் வரலாம். பேரச் சொல்லி எம்மாம் வேணும்னாலும் கேலி பண்ணலாம். ஆனா அவங்க எதிர்ல நின்னு திருப்பிக் குடுக்கற வரைக்கும் நான் அடுத்த அடிக்குப் போவக் கூடாது.

– பாத்திருக்கறேன், உங்க ஊரு திருவிழால. ஒரு தரம் உன் மூக்கப் பத்தி அந்தம்மா பாடி, கூட்டம் கூட்டமா வுழுந்து வுழுந்து சிரிச்சாங்களே.

– ஆமா. 'கெழங்கு தோண்ட கடப்பாரை எதுக்கு, ரஞ்சிதம் மூக்கு போதாதா'ன்னு பாடினாங்க. நான் அவங்க நடைய பாட்டுல இழுத்தேன். சரிக்கு சரி ஆயிடும். அப்பால ரெண்டு பேரும் ஒரே தட்டுல களி தின்னுட்டு வூட்டுக்குப் போவோம். கேலி அங்கயே செத்துடும், மறுநாளு யாருக்கும் ஞாபகம் இருக்காது. இது சாவ மாட்டேங்குதே. பதிலு இல்லாத கேலிய மிஷின்ல போட்டு ஊரெல்லாம் வுட்டுட்டோம். டீக்கடைல அதே, கல்யாணத்துல அதே, ஸ்கூல் புள்ளைங்க போன்லயும் அதே. அண்ணி ரோட்டுல போனா பின்னாடி நின்னு கொர்ரு கொர்ருன்னு கத்துதுங்க.

– பதிலு பாடறதுக்கு நான் எடம் வெச்சிருந்தேன்மா. பொய் சொல்லல. அன்னிக்கு உன் பாட்ட முடிச்சுட்டு, எதிர்ப்பாட்டுக்கு வியாழக்கெழம வாங்கன்னு சொன்னேன். நீ வந்த. அவங்க வரல. அடுத்த வாரமும் வரல. ஆடித் திருவிழா வருது, சீக்கிரம் வுடுங்க பாய்னு நீதான் சொன்ன.

– நான்தான் சொன்னேன். இல்லன்னு சொல்லல. கோவத்துல சொன்னேன். எதிர்ல உக்காந்து சிரிச்சுட்டு, வூட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்து கோச்சுக்கினாங்கன்னு நெனச்சேன். கேலிக்குக் கோச்சுக்கறவளோட நான் இன்னா பேசறதுன்னு வீம்பா இருந்தேன். அவங்களும் அதுல இருந்து என்கிட்ட பேசல. எதிர்ல வந்தா வேற பக்கம் பாத்துக்கினு போவாங்க.

– அப்ப அன்னிக்குத்தான் கடைசியா பேசினதா?

– அன்னிக்கும் எங்க பேசினோம்? பாதிலயே கெளம்பிட்டாங்க. நான் இன்னும் ரெண்டு பாட்டு பாட வேண்டி இருந்துச்சு, ராத்திரி இங்கயே என் தங்கச்சி வூட்டுல தங்கிட்டேன்.

– ஞாபகம் இருக்குது. நான் அஸர் தொழுகைக்குப் போனேன். அடுத்த பாட்டோட தாளத்த உன் காதுல ஓட வுட்டுட்டு, 'பழகிக்கினு இரும்மா'ன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா அவங்க வாசல்ல செருப்பு மாட்டிக்கினு இருக்கறாங்க. நீ ஹெட்போன மாட்டிக்கினு, கண்ண மூடிக்கினு, தாளத்துக்குத் தலைய ஆட்டிக்கினு உக்காந்திருக்கற, சாமி வந்தவளாட்டம்.

– எங்க ஊர்ல டோலு அடிச்சாலே எனக்குத் தல தன்னால ஆடும். காதுக்குள்ளயே அடிச்சா? கண்ணத் தொறந்தப்ப அண்ணி இல்ல. நீங்க வந்து 'அவங்க கெளம்பிட்டாங்க'ன்னு சொன்னீங்க.

– கையக் காட்டிட்டுப் போனாங்க. மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. கோவமாவே இல்லம்மா.

– வூட்டுக்குப் போயி கோவம் வந்திருக்கும். சரி வுடுங்க பாய், இப்ப அந்தப் பேச்ச எடுப்பீங்களா?

– என் சேனல்ல இருந்து எடுப்பேன். இங்கயே, உன் கண்ணு முன்னாடி எடுப்பேன். ஆனா ஜனங்க போன்ல இருக்கறத நான் எங்க போயி எடுக்கறது? மலை மேல, கீழ, குடகு காபி எஸ்டேட்டு வரைக்கும் போயிடுச்சு. உங்க அண்ணன் கூட அங்கதானே இருக்காரு?

– இருந்தாரு. இப்ப ஆசுபத்திரில அண்ணி பக்கத்துல இருக்கறாரு. நான் போன் பண்ணா, 'வா, பாரு'ன்னு சொல்றாரு. எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போறது? இந்தப் பேச்ச எடுத்துட்டேன் அண்ணின்னு சொல்லிட்டாவது உள்ள நொழையலாம்னு பாத்தேன்.

– இரு, யாரோ வர்றாங்க. வாம்மா, இன்னா வேணும்? மெமரி கார்டா?

– இல்ல அங்கிள். கய்யூம் பாய் கடை இதானே? நான் ஜவ்வாது மலைல இருந்து... அத்தை?

– பூவிழி.

– நீங்க இங்க இன்னா பண்றீங்க அத்தை?

– சொம்மா... ஒரு வேலையா வந்தேன். பாய், இது எங்க அண்ணன் பொண்ணு. அண்ணியோட பொண்ணு. பூவிழி, அம்மா எப்படி இருக்காங்க?

– இருக்காங்க. குழாய் வழியா கஞ்சி போவுது. எதுனா வேணும்னா போன்ல டைப் பண்ணிக் காட்டறாங்க. அத்தை, நீங்க ஏன் வந்து பாக்கல?

– வர்றேன் கண்ணு. வரணும்னுதான் இருக்கறேன்.

– உக்காரு பேட்டி, நீ எனக்கும் பொண்ணு மாதிரி. அம்மா விஷயம் இப்பதான் கேட்டேன், மனசே சரியில்ல. சொல்லு, நான் இன்னா செய்யணும்?

– அம்மாதான் அனுப்பினாங்க அங்கிள். நேத்து டைப் பண்ணிக் காட்டினாங்க. 'என் கொரல் எங்கயாவது இருக்குதா, ஒரு தரம் கேக்கணும்'னு. எங்க போன் எல்லாம் தேடினோம். வாட்ஸ்அப்புல இருக்கறது பூரா அந்தக் கரகர கொரலு. நல்ல கொரல்ல ஒன்னு கூட இல்ல. ஊரு பூரா அம்மா பாட்டக் கேட்டிருக்காங்க, ஒருத்தர் கூட அத்த புடிச்சு வெக்கல. அப்பதான் அம்மா உங்க கடை பேரு போட்டாங்க.

– எங்க கடைல அவங்க பாடவே இல்லியே பேட்டி. எதிர்ப்பாட்டுக்கு வரவே இல்ல.

– தெரியும். 'பாடல, ஆனா மைக்கு முன்னாடி இருந்தேன்'னு போட்டாங்க.

– பூவிழி, நான் ஒன்னு சொல்லிடறேன். நான் அந்தத் தவளப் பேச்ச எடுக்கச் சொல்லத்தான் வந்தேன். அம்மா மனசு அதுல எம்மாம் நொந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.

– தவளையா? அதுக்கா? அய்யோ அத்தை, அம்மா அதுக்கெல்லாம் ஒரு நாளும் கோவப்பட்டதில்ல. புள்ளைங்க கொர்ருன்னு கத்தினா, அம்மாவும் திரும்பி கொர்ருன்னு கத்திட்டுப் போவாங்க. கொரலு இருந்த வரைக்கும்.

– கோவம் இல்லியா? அப்ப ஏன் என்கிட்ட பேசறத வுட்டாங்க?

– அது எனக்கும் தெரியல. கேட்டா பேச்ச மாத்திடுவாங்க. அம்மாவுக்கு வருத்தம் வேற அத்தை. ஆக்சுவலா, அந்தக் கோடையிலயே தொண்ட வலி ஆரம்பிச்சிடுச்சு. அப்பா எஸ்டேட்டுல, நான் காலேஜ் ஹாஸ்டல்ல. எங்க ரெண்டு பேருக்கும் சொல்லல. ஆசுபத்திரிக்குப் போலாம்னு ஒரு நாளு காலைல ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்காங்க. கூட வர்றேன்னு ஒருத்தவங்க தலைய ஆட்டினாங்களாம். அவங்களுக்காக உக்காந்திருந்தாங்க. மொத பஸ்ஸு போச்சு, அடுத்தது போச்சு. வெயில் ஏறின அப்பால எழுந்து வூட்டுக்குத் திரும்பிட்டாங்க.

– தனியா போயிருக்கலாம்ல பேட்டி?

– பயம் அங்கிள். எங்க பாட்டி அதே ஆசுபத்திரிக்குப் போயி திரும்பி வரல. அந்த ஒரு நாளு மனச திடம் பண்ணிக்கினு கெளம்பினாங்க. அது ஒடஞ்சிடுச்சு. அப்பறம் கஷாயம், வேர், மந்திரிப்புன்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டாங்க. டாக்டர் என்னைத் திட்டினாரு. 'மொத மொத வலிச்சப்பவே இட்டாந்திருந்தா கொரல காப்பாத்தி இருக்கலாமே'ன்னு.

– யாருடி அது? வர்றேன்னு தலையாட்டிட்டு வராம போனது?

– சொல்லவே இல்ல அத்தை. 'வுடு, அவளுக்கு இன்னா வேலையோ'ன்னு மட்டும் சொன்னாங்க.

– அவளா? பொம்பளையா அவ? ஒரு மனுஷி பயந்துக்கினு தொணைக்குக் கூப்புட்டிருக்கறா. வர முடியலன்னா முடியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? தலைய ஆட்டிட்டு வூட்டுல படுத்துக்கினாளா? எவளா இருந்தாலும் அவ நல்லா இருக்க மாட்டா பூவிழி. என் வயிறு எரியுது.

– சாபம் குடுக்காதம்மா. வேணாம். இரு, எனக்கு ஒன்னு ஞாபகம் வருது. பேட்டி, உங்க அம்மா சிரிச்சாங்க!

– சிரிச்சாங்களா?

– ரஞ்சிதம்மா அந்தக் கேலிய சொன்ன ஒடனே, எதிர்ல உக்காந்து, வாய் வுட்டு சிரிச்சாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே மைக்கு. அது ரெக்கார்டு ஆச்சு. நான்தான் வெட்டினேன். பாட்டுக்கு நடுவுல சத்தம் வருதேன்னு, சுத்தமா இருக்கட்டும்னு வெட்டிட்டேன்.

– பாய்! அந்த சிரிப்பு இருந்திருந்தா அது கேலியாவே இருந்திருக்குமே. கேக்கறவங்களுக்கு 'இவங்க ரெண்டு பேரும் வெளையாடறாங்க'ன்னு தெரிஞ்சிருக்குமே.

– இப்ப புரியுதும்மா. அப்ப புரியல. உன் பேச்ச வெச்சுக்கினேன், அவங்க சிரிப்ப குப்பைல போட்டேன். கய்யூமோட சுத்தம் அதுதான்.

– குப்பைலயா? அழிச்சிட்டீங்களா அங்கிள்?

– இல்ல பேட்டி, இல்ல. நான் எதையும் அழிக்கற ஆளு இல்ல. வெட்டாத முழு ரெக்கார்டிங்கு பழைய டிஸ்க்குல இருக்கும். இரு... இது வேற யாரோ... இது மாரியம்மன் பாட்டு... தோ, இதான். ரஞ்சிதம்மா, நான் ஒன்னு சொல்லட்டா? பேச்ச எடுக்க வேணாம். சிரிப்ப திரும்ப சேத்துடறேன். அப்படியே வெளிய வுடறேன்.

– சேத்துடுங்க பாய். அது போதும். புதங்கெழமைக்குள்ள சேத்துடுங்க. பூவிழி, அத்த நானே எடுத்துக்கினு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டறேன். 'பாருங்க அண்ணி, உங்க சிரிப்பு'ன்னு சொல்லி உள்ள வர்றேன். வரலாம்ல?

– வாங்க அத்தை. அம்மா சந்தோஷப்படுவாங்க. அங்கிள், மொதல்ல போடுங்க, நான் கேக்கணும்.

– "இன்னா தேவயானி, கொரலு எங்க போச்சு? தொண்டையில தவள குடியேறிச்சா?" "அய்ய்யே! ஹா ஹா ஹா... இருடி, உன் மூக்குக்கு வெச்சிருக்கறேன்!"

– அம்மா! அங்கிள், இது அம்மா! இந்த சிரிப்பு... இத்த நான் மறந்தே போய்ட்டேன் அங்கிள்.

– அழுவாத பேட்டி. இன்னொரு தரம் போடறேன்.

– பாத்தியா பூவிழி, கடைசில என் மூக்குக்குத்தான் வந்தாங்க. ரெண்டு வருஷமா பதிலு வரல, பதிலு வரலன்னு நெனச்சுக்கினு இருந்தேனே. அங்கயே குடுத்திருக்காங்க பாய்.

– மீதிப் பாட்டத் தள்ளிட்டு கடைசிக்கு வந்துட்டேன், நான் இதோட வெட்டினேன். இதுக்கு அப்பால ஒன்னும் இருக்காது. நான் தொழுகைக்குப் போனப்ப மைக்க நிறுத்த மறந்துட்டேன், அதுபாட்டுக்கு ஓடியிருக்குது. ஒரு தரம் கூட நான் கேட்டதில்ல.

– ஓடட்டும் அங்கிள். அம்மா மூச்சு வுடற சத்தம் வந்தா கூட எனக்கு வேணும்.

– சரி பேட்டி. ஓடட்டும்.

– "ரஞ்சிதம்... பாய் வர்றதுக்குள்ள ஒன்னு சொல்லிடறேன். இந்த மைக்குல பேசினா உன் காதுல நல்லா கேக்கும்னு அவரு சொன்னாரு."

– அண்ணி கொரலு. பாய், இது எப்ப பேசினாங்க?

– "தவளன்னு சொன்னியே, அது நெஜம்தாண்டி. உள்ள இன்னாவோ இருக்குது. முழுங்கினா வலிக்குது. உங்க அண்ணனுக்கு சொல்லல, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவாரு. நாளைக்கு வேலூருக்குப் போய் காட்டலாம்னு இருக்கறேன். தனியா போக பயமா இருக்குது. நீ கூட வர்றியா?"

– பாய், என் காதுல இது வரல. நீங்க சொல்லுங்க பாய், இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. என் காதுல இது வரல.

– தாளம் மட்டும்தான் வுட்டேன் பேட்டி. வெறும் தாளம்தான் போச்சு அவ காதுக்கு.

– அத்தை, இன்னும் ஓடுது. அம்மா இன்னும் பேசறாங்க.

– "அப்பாடா, தலைய ஆட்டிட்ட. போதும்டி, நீ வந்தா எனக்குப் பயம் இல்ல. காலைல மொத பஸ்ஸுக்கு ஜமுனாமரத்தூர்ல நின்னுக்கினு இருப்பேன், நீ வர்ற வரைக்கும் ஏற மாட்டேன்."